பழத்தில் வரும் ப

காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் ஏறின புத்தகக்காரனைச் சென்னியப்பன் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கலாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, மனிதன் தானாகத்தான் விட்டுக்கொள்கிறான். "ஒரு சொல்லு, அதுக்கு அர்த்தம், அதுக்கு ஒரு உதாரண வாக்கியம், எல்லாமே தமிழ் எழுத்துல உச்சரிப்போட இருக்குதுங்க சார், சும்மா பொரட்டிப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அவன் ஒவ்வொரு மடியிலும் ஒரு புத்தகத்தைப் போட்டபடி பின்னால் வந்தான். கடைசிக்கு முந்தின வரிசையில் ஜன்னலோரம் இருந்த சென்னியப்பனின் மடியிலும் ஒன்று விழுந்தது. உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆங்கில அகராதி. மற்றவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள், இவர் வாங்கினார். வாங்கும்போது கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, ஏனென்றால் இதே வேலையைத்தான் இரண்டு வருஷமாக அவர் தன் கையால் செய்துகொண்டிருக்கிறார். கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் சீட் தைக்கிறவர் அவர். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், இன்னும் கூரை போடாத பஸ் கூட்டுக்குள் உட்கார்ந்து, காதில் வயரை மாட்டிக்கொண்டு, ஃபோனில் பாடம் நடத்துகிற வாத்தியார் சொல்லச் சொல்ல, ரெக்ஸின் அளவு குறிக்கிற நீள நோட்டின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். டிலிஜென்ட், சுறுசுறுப்பான, த டிலிஜென்ட் ஒர்க்கர் கெட்ஸ் அப் ஏர்லி. ஷேடோ, நிழல், த டாக் ஸ்லெப்ட் இன் த ஷேடோ. மகள் கோகிலவாணி கோயமுத்தூர்க் கம்பெனியில் சேர்ந்த மாதம் ஆரம்பித்த வழக்கம் இது. அவள் ஃபோனில் யாருடனோ மளமளவென்று பேசும்போது நடுவில் ஒரு சொல்லாவது அப்பனுக்குப் பிடிபட வேண்டாமா? இன்றைக்கு அந்தக் கம்பெனியில் நாலு மணிக்கு அன்னையர் தினம். அம்மாக்கள் ஒவ்வொருவராக மேடையேறி மகனையோ மகளையோ பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். அதற்குத்தான் அவரும் மயிலாத்தாவும் போகிறார்கள். கரூரிலேயே கூட்டம் ஏறிவிட்டது, அதனால் மயிலாத்தா முன்னால் பொம்பளைகள் சீட்டில், அவர் இங்கே வாலில். நிற்கிற ஜனத்தின் இடுக்கில் அவள் கொண்டையும் அதில் செருகின கனகாம்பரமும் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. கொண்டை ஆடிக்கொண்டிருந்தது. ரோட்டுக் குழி ஆட்டுகிற ஆட்டம் இல்லை அது. ஐந்து சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிற ஆட்டம்.

அகராதி கையில் கிடைத்தால் மனிதன் முதலில் தெரிந்த சொல்லைத்தான் தேடுகிறான். தெரியாததைத் தேட எல்லோருக்கும் தெம்பு இருப்பதில்லை. சென்னியப்பனுக்கு ஆங்கிலத்தில் பட்டா போட்ட நிலம் மாதிரி ஒரு சொல் இருந்தது. பிரைடு. பெருமை. மை டாட்டர் ஈஸ் மை பிரைடு, என் மகள் என் பெருமை. மாசி மாதம் இதே கம்பெனியில் குடும்ப தினம் என்று கூப்பிட்டபோது மைக்கைப் பிடித்து அவர் சொன்ன வாக்கியம். அச்சில் அதைப் பார்க்க ஆசை வந்தது, சொந்த ஊரின் பெயரை மேப்பில் தேடுகிற ஆசை. பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு ஆங்கில எழுத்து தெரியும். ஏ-க்கு அடுத்தது பி, புரட்டினார். பிரெட், ரொட்டி. பிரிக், செங்கல். பிரைடு, மணமகள். த பிரைடு வோர் எ சில்க் சாரி, மணமகள் பட்டுப்புடவை உடுத்தியிருந்தாள். சென்னியப்பன் ஒரு சிரிப்புச் சிரித்தார். பஸ்ஸில் விற்கிற புத்தகம் இல்லையா, அச்சுக் கோத்தவன் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பான், பெருமை என்று போட வேண்டிய இடத்தில் மணமகளைப் போட்டுவிட்டான். இதை நம்பி ஒரு பிள்ளை பரீட்சை எழுதினால் என்ன கதியாகும்? விற்றவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்து பார்த்தார், அவன் காங்கேயத்திலேயே இறங்கிப் போயிருந்தான். அடுத்த வரியைப் பார்த்தார். பிரிட்ஜ், பாலம். அது சரியாக இருந்தது. அதற்கடுத்த வரியும் சரி, அதற்கடுத்ததும் சரி. ஒரு பக்கம் முழுக்கச் சரியாகக் கோத்தவன் ஒரே ஒரு சொல்லில் மட்டும் எப்படித் தூங்குவான்?

ஆங்கிலத்தில் பி இரண்டு உண்டு என்பது பொங்கலூர் தாண்டும்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஏ-க்கு அடுத்து ஒன்று வரும், ஓ-வுக்கு அடுத்து ஒன்று வரும், தமிழில் எழுதினால் இரண்டும் பிதான். இரண்டாவது பியைத் திறந்தார். பிரைஸ், விலை. பிரைடு, பெருமை. ஹி லுக்டு அட் ஹிஸ் சன் வித் பிரைடு. இருந்தது. ஆக அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது, இரண்டு இடத்திலும் தமிழில் ஒரே எழுத்து, ஒரு கால் கூடக் குறைய இல்லை. அப்படியானால் ஒரே சொல்தான், இரண்டு அர்த்தம், அதில் என்ன தப்பு என்று மனசு ஒரு நிமிஷம் தப்பி ஓடப் பார்த்தது. தமிழில் கால் என்றால் கால்தான், காற்றும்தான். ஆனால் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவனுக்கு ஒன்று தெரியும். பஸ்ஸை எழுதுவதும் இந்தப் ப-தான், பழத்தை எழுதுவதும் இந்தப் ப-தான். எழுதும்போது ஒன்று, சொல்லும்போது ஒன்றா? பஸ் என்றால் தொண்டை சேர்ந்து அதிர்கிறது. பழம் என்றால் உதட்டோடு போய்விடுகிறது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, பழகின சொல்லில் வாய் தானாகச் சரியான பானாவை எடுத்துக்கொள்ளும். பழகாத சொல்லில்தான் நுணலும் தன் வாயால் கெடும். வாத்தியார் ஃபோனில் சொன்ன அன்றைக்குச் சரியாகத்தான் காதில் விழுந்திருக்கும். எழுதிவைத்தார். இரண்டு மாதம் கழித்து நோட்டைத் திறந்தபோது எழுத்து இருந்தது, ஓசை போய்விட்டிருந்தது. எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேடையேறினார். எந்தப் ப சொன்னேன்? டேய் சென்னியப்பா, நீ எந்தப் ப சொன்னாய்?

தெரிந்துகொள்ள வழி இருந்தது, அதுதான் கொடுமை. மேடையேறுவதற்கு முன்னால் பக்கத்து நாற்காலிக்காரரிடம் தன் ஃபோனைக் கொடுத்து, கொஞ்சம் படம் புடிங்க சார் என்று கேட்டது வேறு யாரும் இல்லை. நாற்பத்து மூன்று விநாடி வீடியோ. ஐம்பது தடவையாவது பார்த்திருப்பார், பட்டறையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார், டிங்கர் வேலை பார்க்கிற பீகார்ப் பையன்களுக்குக்கூடக் காட்டினார். காதில் வயரை மாட்டினார். பக்கத்தில் இருந்த ஆள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், இருந்தாலும் திரையைக் கையால் மறைத்துக்கொண்டார். அதோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு ஆள், தலைமுடிக்குக் கறுப்பு அடித்துக்கொண்டு, மைக்கைக் கரும்பு மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. குட் ஈவினிங் ஆல். மை டாட்டர் ஈஸ் மை. இவ்வளவு நாளும் அந்த இடத்தில் அவர் கேட்டது கைதட்டலை. இன்றைக்குக் கேட்டது பானாவை. பஸ்ஸின் ப. சந்தேகமே இல்லை, பஸ், பாடி, போல்ட், பிரேக் என்று நாளெல்லாம் சொல்லுகிற வாய் வேறு எதை எடுக்கும்? என் மகள் என் மணமகள். பெற்ற அப்பன், ஐம்பத்து நாலு வயசு, மகளோடு வேலை பார்க்கிற இருநூறு பேருக்கு முன்னால், மைக்கில். அதோ ஒரு விநாடி யாருமே சத்தம் போடவில்லை, அந்த ஒரு விநாடியை இதற்கு முன்னால் அவர் கவனித்ததே இல்லை. பிறகு பின் வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்றாள். பிறகு மொத்த ஹாலும். நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் விசிலடித்தான். மைக்கை வாங்கின பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸோ ஸ்வீட் அங்கிள் என்றாள். அதற்கு வெள்ளைச் சட்டை ஆள் என்ன செய்கிறான்? கும்பிடுகிறான். சிரிக்கிற பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிக் கும்பிடுகிறான். சென்னியப்பனுக்குக் காது மடல் சுட்டது, உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, அவையும் பார்த்திருக்கும் போலிருந்தது.

கடைசிப் பத்து விநாடியில் கோகிலவாணி வருகிறாள். அவளை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை, தன்னைப் பார்ப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. இப்போது பார்த்தார். அப்பாவின் முழங்கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்குகிறாள், முகம் கீழே, கம்பளத்தில் என்னவோ தொலைத்துவிட்டவள் மாதிரி. அன்றைக்கு அவருக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தாள், இரண்டு கிண்ணம். பஸ் ஏற்றிவிடும்போது, "அப்பா, அடுத்த தடவ தமிழ்லயே பேசுங்கப்பா, அதுதான் உங்களுக்கு அழகா இருக்கும்" என்றாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். படிக்க வைத்த அப்பன் இரண்டு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் மகளுக்குப் பொறுக்கவில்லை என்று ஒரு வாரம் அவளோடு ஃபோனில் சரியாகப் பேசவில்லை. அவள் மட்டும் அப்பா சாப்டீங்களா அப்பா சாப்டீங்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் ஆபீசுக்குப் போய் எப்படி உட்கார்ந்திருப்பாள்? நீலச் சட்டைக்காரன் என்ன சொல்லியிருப்பான்? அவள் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சிரிப்பார்களா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு, தப்பாச் சொல்லிட்டீங்கப்பா என்று. சொல்லவில்லை. அப்பன் பட்டறையெல்லாம் வீடியோ காட்டிக்கொண்டு திரிகிறான் என்று தெரிந்தும் சொல்லவில்லை. அது நெஞ்சில் இன்னும் ஆழமாகப் போய்க் குத்தியது. தொடைக்குக் கீழே சீட்டின் தையல் விட்டிருந்தது, விரல் தன்பாட்டுக்கு உள்ளே போய் ஸ்பாஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இப்படிப் பிய்க்கிறவர்களின் கையை வெட்ட வேண்டும் என்று சொல்கிறவர் அவர். காலடியில் மஞ்சள் தூள் மாதிரி உதிர்ந்து கிடந்தது. எதற்கோ புத்தகத்தைப் புரட்டினார், ஷேம் என்ற சொல் வந்து நின்றது. வெட்கம், அவமானம். உதாரணம், அவன் வெட்கித் தலைகுனிந்தான். தலை ஏற்கெனவே குனிந்துதான் இருந்தது. இந்த உதாரணம் எழுதினவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தார், வெட்கம் தலையோடு எங்கே நிற்கிறது?

பல்லடத்தில் கொஞ்சம் பேர் இறங்கி அதைவிட அதிகம் பேர் ஏறினார்கள். கொண்டை மறைந்து மறுபடியும் தெரிந்தது. ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான், திருடனுக்குத் தேள் கொட்டினது போல இருந்தவருக்கு, இரண்டாவது தேள் கொட்டியது. இவ்வளவு நேரமும் தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறார். அவள் சொல்லிப் பார்க்கிறது எதை? அதே வாக்கியத்தை. நாலு மணிக்கு அதே மேடையில், அதே மைக்கில், அதே இருநூறு பேருக்கு முன்னால் அவள் சொல்லப்போகிறாள். ஒரு தடவை சொன்னால் வாய் தவறியது என்பார்கள். புருஷன் சொல்லிவிட்டுப் போனதையே பெண்டாட்டியும் வந்து சொன்னால், குடும்பமே இப்படித்தான் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? கோகிலவாணி ஃபோனில் தெளிவாகச் சொன்னாள், அம்மா நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா மேடையில நின்னாப் போதும் என்று. மயிலாத்தா சரி கண்ணு என்றாள், முகம் வாடிப்போயிற்று. அன்று ராத்திரி கை கழுவிவிட்டு வந்து நின்று, "ஏனுங்க, நீங்க சொன்னதே எனக்கு வருமுங்களா?" என்று கேட்டாள். கேட்கும்போது முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "ஏன் வராது? அவ கெடக்கறா, நீ பேசு" என்றார் சென்னியப்பன், பெரிய வாத்தியார். பத்து நாளாகப் பாடம். வீடியோவைப் பார்த்துப் பார்த்து அவரைப் போலவே, கழுத்தைச் சாய்த்து, கடைசிச் சொல்லை ஒரு தட்டுத் தட்டி. பிரைடில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் பயமெல்லாம் இரண்டாவது சொல்லில். "டாட்டர்தானுங்க? நடுவுல க் வராதில்லீங்க?" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பாள். சோற்றை வடிக்கும்போது டாட்டர், துணி உலர்த்தும்போது டாட்டர், தூங்கப் போகும்போது டாட்டர். பள்ளம் இரண்டாம் அடியில் இருக்கிறதென்று பார்த்துப் பார்த்துக் காலை வைக்கிறாள், ஐந்தாம் அடியில் அவரே ஒரு கிணற்றை வெட்டி வைத்திருக்கிறார்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருஷம் அதைத் தமாஷ் என்று ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார், இன்றைக்கு அது எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கோகிலாவுக்கு நாலு வயசு. பட்டறையில் ஆயுத பூஜை. பொரி, சுண்டல், சந்தனம், பஸ்ஸுக்கெல்லாம் மாலை. முதலாளி மகனுக்குப் புதிதாகக் கல்யாணம், மெட்ராஸ் மருமகள் வந்திருந்தாள், வந்தவர்களையெல்லாம் இங்கிலீஷில் விசாரித்துக்கொண்டு. மயிலாத்தா எட்டாவது படித்தவள், அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு, கவர்மெண்ட் ஸ்கூல் என்றாலும் இங்கிலீஷில் முதல் மார்க். பிள்ளையைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "திஸ் ஈஸ் மை டாக்டர்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மெட்ராஸ்காரி சிரிக்கவில்லை, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு நைஸ் என்றாள், அத்தோடு போயிருக்கும். முதலில் சிரித்தது சென்னியப்பன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நாலு பேரை அழைத்து, என்ன சொன்னாள் தெரியுமா என்று சொல்லிச் சிரித்தார். ஏன் சிரித்தோம் என்று இப்போது யோசித்தால், மெட்ராஸ்காரிக்கு முன்னால் தான் விஷயம் தெரிந்த ஆள் என்று காட்டிக்கொள்ளத்தான், வேறென்ன, அன்றைக்கு அவருக்கு டாக்டரையும் டாட்டரையும் தவிர என்ன தெரியும்? அதற்கப்புறம் பட்டறையில் அவள் பெயர் டாக்டரம்மா. சாப்பாடு கொண்டுவந்தால் டாக்டரம்மா வந்திருக்காங்க, எனக்கு ஒரு ஊசி போடுங்கம்மா. அடுத்த ஆயுத பூஜைக்கு வயிற்றுவலி என்றாள், அதற்கடுத்ததற்குத் தலைவலி, பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள். இங்கிலீஷையும் விட்டுவிட்டாள். கோகிலாவுக்கு மஞ்சள் காமாலை வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நர்ஸைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஆஸ்பத்திரிக்காரரக் கூப்புடுங்க, ஆஸ்பத்திரிக்காரரக் கூப்புடுங்க" என்று அழுதாள். எந்த ஆஸ்பத்திரிக்காரர்ம்மா, வாட்ச்மேனா என்றாள் நர்ஸ். சென்னியப்பனுக்கு அன்றைக்கு மனைவியை நினைத்து வெட்கமாக இருந்தது, ஒரு டாக்டர் என்று சொல்லத் தெரியவில்லையே பட்டிக்காடு என்று. தெரியாமல் இல்லை. பத்தொன்பது வருஷமாக அவள் வாயில் அந்தச் சொல் மட்டும் வந்ததில்லை, பிள்ளை உயிருக்குப் போராடிக் கிடந்தபோதுகூட. அதை அவள் வாயிலிருந்து பிடுங்கிப்போட்டது அவர். ஐயோ என்று சத்தமாகவே சொல்லிவிட்டார் போலிருக்கிறது, தூங்கின ஆள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது? சொல்லாமலே சரிசெய்ய வழி இல்லையா? கோகிலாவே வேண்டாமென்று சொன்னாள், பேசாதே, சும்மா நின்றுவிட்டு வா என்று சொல்லலாம். பத்தொன்பது வருஷத்துக்கப்புறம் திறந்த வாயை மறுபடியும் அவர் கையாலேயே மூட வேண்டும், காரணமும் சொல்லாமல். அது வேண்டாம். கடைசிச் சொல்லை மட்டும் கொஞ்சம் பழத்தின் ப மாதிரி சொல்லு, அப்படிச் சொன்னால்தான் எடுப்பாக இருக்கும் என்று நைசாகத் திருத்திவிடலாம், தன் குட்டு வெளியே வராது. இது நல்ல யோசனை. சூலூர் வரைக்கும் அந்த யோசனையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் அவள் கேட்பாளே. நீங்க அப்படிச் சொல்லலீங்களே, நான் படத்துல பாத்தனே என்பாள். அப்போது என்ன சொல்வது, இன்னொரு பொய்யா? அந்த வெள்ளைச் சட்டைக்காரன்தான் அவளுக்கு வாத்தியார், அவன் சொன்னது தப்பு என்று சொன்னால்தான் அவள் விடுவாள். அல்லது ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டால்? பெண்பிள்ளை, அம்மா, யார் பெரிதாக எடுத்துக்கொள்ளப்போகிறார்கள்? இப்படி நினைத்தவுடனே அந்தக் களுக் காதில் கேட்டது, நீலச் சட்டைக்காரனின் விசில் கேட்டது, அவள் சிரிக்கிற பக்கமெல்லாம் திரும்பிக் கும்பிடுவது கண்ணில் தெரிந்தது. ஸ்பாஞ்சை உள்ளே திணித்து, பிரிந்த ரெக்ஸினை இழுத்து மூடிவிட்டு எழுந்தார். சூலூரில் நிறையப் பேர் இறங்கியிருந்தார்கள். கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போக, கண்டக்டர், "அண்ணா, முன்னால பொம்பளைங்க சீட்டுங்க" என்றார். தெரியும் தம்பி என்று சொல்லிவிட்டு மயிலாத்தாவின் சீட்டுப் பக்கத்தில் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"டாட்டர் நல்லா வந்துருச்சுங்க" என்றாள். "க் வரவே இல்ல."

"மயிலா, அந்தக் கடசி வார்த்தை தப்பு."

"பிரைடுங்களா? நீங்க சொன்னாப்பலயேதானுங்க சொல்றேன்."

"நான் சொன்னதே தப்பு." பக்கத்தில் இருந்த அம்மாள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். "பெருமைன்னு சொல்றதுக்குப் பதிலா வேற சொல்லிட்டேன். அதுக்குக் கல்யாணப் பொண்ணுன்னு அர்த்தமாம். எம்மக என்னோட கல்யாணப் பொண்ணுன்னு சொல்லிருக்கறேன், மைக்குல."

அவள் உதடு நின்றது. அவள் சிரிக்க வேண்டும் என்றுகூட அவர் வேண்டிக்கொண்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து அம்மாளிடம் சொல்லி, பஸ்ஸே கேட்கும்படி சிரித்தால் தேவலை. அவள் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு அந்தச் சனமெல்லாம் அதுக்கா சிரிச்சுது?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஆமா."

"கோகிலாவுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாம இருக்குமா."

மடியிலிருந்த ஒயர்கூடையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். சிங்காநல்லூர் நெருங்கிவிட்டது என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். "அப்ப எப்படித்தானுங்க சொல்றது?" என்றாள்.

"பஸ்ஸுல வர்ற பானா இல்ல, பழத்துல வர்ற பானா."

"பழம்" என்றாள் அவள். "பழம். பழம். பிரைடு." முதல் தடவையிலேயே வந்துவிட்டது. எட்டாவதில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கினவள் இல்லையா? அவர் திரும்பச் சொல்லிப் பார்த்தார், அவர் வாயில் மறுபடியும் பஸ்தான் வந்தது. "விடுங்க, நீங்க சொல்ல வேண்டியதில்லையில்ல" என்று அவள் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பி நின்றது. தூரத்தில் டீக்கடை நிழலில் கோகிலவாணி நிற்பது தெரிந்தது, கையை ஆட்டிக்கொண்டு. அவளிடம் போவதற்குள் மயிலாத்தாவிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. ஆயுத பூஜை என்று ஆரம்பிப்பதா, டாக்டர் என்று ஆரம்பிப்பதா என்று தெரியாமல் அவள் பின்னாலேயே படிக்கட்டு வரைக்கும் வந்தார். "மயிலா" என்றார். அவள் கடைசிப் படியில் நின்று திரும்பினாள்.

"இத பட்டறையில ஆருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்ல. இப்பத்தான், பஸ்ஸுலதான் எனக்கே தெரியும்."

"சொல்லாதீங்க" என்றாள் மயிலாத்தா. "நானும் ஆருகிட்டயும் சொல்லமாட்டனுங்க."

இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, மகளைப் பார்க்க நடந்தாள். சென்னியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றார். பின்னால் இறங்குகிறவர்கள் முதுகில் இடித்தார்கள். "அண்ணா, எறங்குங்க, வண்டி எடுக்கணும்" என்றார் கண்டக்டர்.